எரிந்தது மின்கலம், கருகியது பெயர்

- இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர், கேமரன் மலை

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் பறந்துகொண்டிருந்த இண்டிகோ விமானத்தில் புகை நாற்றம் அடித்தது. பயணிகள் விமானப் பணியாளர்களிடம் சொன்னார்கள். தலைக்கு மேலே பைகள் வைக்கும் அடுக்கைத் திறந்து பார்த்தபோது, ஒரு பைக்குள் இருந்த சாம்சுங் கேலக்சி நோட் 2 கைப்பேசியிலிருந்து பொறியும் புகையும் வந்துகொண்டிருந்தன. பணியாளர்கள் தீயணைப்பானைக் கொண்டு அதை அடக்கி, பிறகு கழிவறையில் நீர் நிரப்பிய கலனுக்குள் போட்டார்கள். விமானம் சென்னையில் பத்திரமாகத் தரையிறங்கியது. யாருக்கும் காயமில்லை.

நோட் 2 என்பது 2012இல் வெளிவந்த மாடல். அதைத் திரும்பக் கொடுக்கும்படி நிறுவனம் எவரிடமும் கேட்டிருக்கவில்லை. வேறொரு மாதத்தில் நடந்திருந்தால் இது உள்ளூர்ச் செய்தியாக முடிந்திருக்கும். ஆனால் உலகம் முழுவதும் பரவியது. இந்திய விமானப் போக்குவரத்து அதிகாரிகள் சாம்சுங் நிறுவனத்தினரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். காரணம், அதே மாதத் தொடக்கத்தில் சாம்சுங் தன் புதிய நோட் 7 கைப்பேசிகளை, தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாகச் சொல்லித் திரும்பப் பெறத் தொடங்கியிருந்தது. தம்பி செய்த குற்றத்துக்கு அண்ணனையும் விசாரணைக்கு அழைத்த கதைதான். ஒரு நிறுவனத்தின் நற்பெயர் கெடுவது என்றால் இதுதான் பொருள்: அந்தப் பெயரைத் தாங்கிய எல்லாப் பொருளின்மேலும் சந்தேகம் விழுகிறது.

இந்தக் கதையைக் கேட்கும் மாணவர்கள் பெரும்பாலும், "கைப்பேசிகளைத் திரும்பப் பெற்றதால்தான் சாம்சுங்கின் பெயர் கெட்டது" என்று முடிவுக்கு வருகிறார்கள். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. திரும்பப் பெற்றது பெயரைக் கொஞ்சம்தான் கீறியது. பிழைக்கு முழுக் காரணம் தெரிவதற்கு முன்பே, "இனிப் பயமில்லை" என்று சொல்லி மாற்றுக் கைப்பேசியைக் கொடுத்ததுதான் பெயரைக் கருக்கியது. இதில் வணிகப் பாடம் மட்டுமல்ல, அறிவியல் பாடமும் இருக்கிறது.

53 நாள் வாழ்க்கை

கேலக்சி நோட் 7, 2016 ஆகஸ்ட் 2இல் நியூயார்க்கில் அறிமுகமானது. ஆகஸ்ட் 19 முதல் தென்கொரியா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் விற்பனைக்கு வந்தது. கண்ணின் கருவிழிப்படலத்தைப் படித்துத் திறக்கும் வசதி, நீர் புகாத உடல், முந்தைய நோட் 5இல் இருந்த 3,000 மில்லி ஆம்பியர்-மணிக்குப் பதிலாக 3,500 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் எனப் பல சிறப்புகள். ஆப்பிள் தன் ஐபோன் 7ஐ செப்டம்பர் 7இல் அறிமுகப்படுத்தியது. அதற்குள் நோட் 7 கடைக்கு வந்துவிட்டது.

சில நாள்களிலேயே தீப்பிடித்த புகார்கள் வரத் தொடங்கின. செப்டம்பர் 2ஆம் நாள் சாம்சுங் கைப்பேசிப் பிரிவின் தலைவர் கோ டோங்-ஜின் செய்தியாளர்களைச் சந்தித்தார். அதுவரை 35 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. 10 லட்சத்துக்கு 24 என்பது பிழை விகிதம். அந்த 24க்காக 25 லட்சம் கைப்பேசிகளையும் மாற்றித் தருவதாக அறிவித்தார். இதுவரை நடந்ததைக் குறை சொல்ல எதுவுமில்லை, பாராட்டத்தான் வேண்டும்.

சிக்கல் அடுத்த அடியில் இருந்தது. நோட் 7க்கு இரண்டு நிறுவனங்கள் மின்கலம் கொடுத்தன. ஒன்று சாம்சுங் குழுமத்தையே சேர்ந்த சாம்சுங் எஸ்டிஐ. மற்றொன்று ஏடிஎல் என்ற நிறுவனம். பிழை முதல் நிறுவனத்தின் மின்கலத்தில்தான் என்று முடிவு கட்டினார்கள். இரண்டாவது நிறுவனத்தின் மின்கலம் பொருத்திய மாற்றுக் கைப்பேசிகளை விநியோகித்தார்கள். வேறுபாடு தெரிவதற்காகத் திரையின் மேலே மின்கலக் குறி பச்சை நிறத்தில் காட்டப்பட்டது. பச்சை என்றால் பத்திரம் என்று மக்கள் நம்பினார்கள். சீனாவில் விற்பவை இரண்டாவது நிறுவனத்தின் மின்கலம் கொண்டவை என்பதால் அங்கே விற்பனையும் தொடர்ந்தது.

அக்டோபர் 5ஆம் நாள், அமெரிக்காவின் லூயிவில் நகரில் புறப்படத் தயாராக நின்ற சவுத்வெஸ்ட் விமானத்துக்குள் ஒரு நோட் 7 புகைந்தது. பயணிகள் அனைவரும் இறக்கப்பட்டனர். அந்தக் கைப்பேசி பச்சைக் குறி கொண்ட மாற்றுக் கைப்பேசி. அடுத்த சில நாள்களில் இதே போன்ற புகார்கள் மேலும் வந்தன. அக்டோபர் 11ஆம் நாள் நோட் 7 உற்பத்தியையே நிரந்தரமாக நிறுத்துவதாகச் சாம்சுங் அறிவித்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு விலை 8 விழுக்காடு சரிந்தது. பாதுகாப்பானவை என்று சொல்லப்பட்ட சீனக் கைப்பேசிகள் 1,90,984ஐயும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பல நாட்டு விமானங்களில் நோட் 7 தடை செய்யப்பட்டது. விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பயணியின் காதிலும் ஒரு நிறுவனத்தின் பெயர் ஆபத்தின் பெயராக ஒலித்தது. கோடி கோடியாகச் செலவழித்துச் செய்த விளம்பரத்தை அந்த ஓர் அறிவிப்பு அழித்தது.

மின்கலத்துக்குள் என்ன இருக்கிறது?

லித்தியம் அயனி மின்கலத்தைச் சுருட்டிய பாய் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுமினியத் தகட்டின்மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு பூசப்பட்டிருக்கும், அது நேர்முனை. ஒரு செப்புத் தகட்டின்மேல் கிராபைட் பூசப்பட்டிருக்கும், அது எதிர்முனை. இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய நெகிழிப் படலம் ஒன்று இருக்கும். அதற்குப் பிரிப்பான் என்று பெயர். இந்த மூன்றையும் சேர்த்துச் சுருட்டி, தட்டையாக அழுத்தி, ஒரு பைக்குள் வைத்து, எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவத்தை ஊற்றி மூடுகிறார்கள். அந்தத் திரவத்தின் வழியாக லித்தியம் அயனிகள் இங்குமங்கும் நகர்வதால்தான் மின்னேற்றமும் மின்னிறக்கமும் நடக்கின்றன.

பிரிப்பான் எங்கேனும் கிழிந்தால் இரண்டு முனைகளும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும். குறுக்குச்சுற்று ஏற்படும். ஓரிடத்தில் வெப்பம் குவியும். அந்த வெப்பம் உள்ளே இருக்கும் பொருள்களைச் சிதைக்கும். சிதையும் பொருள்கள் மேலும் வெப்பத்தை வெளியிடும். அது இன்னும் அதிகமாகச் சிதைக்கும். இப்படித் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வெப்பத்தை ஒரு கட்டத்துக்குமேல் நிறுத்த முடியாது. இண்டிகோ பணியாளர்கள் கைப்பேசியை நீரில் போட்டதன் காரணமும் இதுதான். தீயணைப்பான் வெளியே தெரியும் சுடரை அணைக்கும். உள்ளே பெருகும் வெப்பத்தை உறிஞ்சி எடுக்க நீர் வேண்டும்.

ஒரே காய்ச்சல், இரண்டு நோய்

2017 ஜனவரி 23ஆம் நாள் சாம்சுங் தன் ஆய்வு முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 700 பொறியாளர்கள், 2,00,000 கைப்பேசிகளையும் 30,000 மின்கலங்களையும் சோதித்திருந்தார்கள். வெளி நிறுவனங்களும் தனித்தனியே ஆராய்ந்திருந்தன.

முதல் நிறுவனத்தின் மின்கலத்தில், மேல் வலது மூலையில் எதிர்முனைத் தகடு வளைந்து நெருக்கப்பட்டிருந்தது. இரண்டாவது நிறுவனத்தின் மின்கலத்தில் அந்தக் குறை இல்லை. ஆனால் நேர்முனையில் பற்றவைத்த இடத்தில் கூரிய உலோக முட்கள் எழும்பி, பிரிப்பானைத் துளைத்திருந்தன. சிலவற்றில் போட வேண்டிய மின்காப்பு நாடாவே போடப்படவில்லை. ஆக, வெளியே தெரிந்த அறிகுறி ஒன்று. உள்ளே இருந்த காரணங்கள் இரண்டு.

எங்கள் கேமரன் மலைத் தேயிலை ஆலையை வைத்து இதை விளக்குகிறேன். கிள்ளிய கொழுந்தை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்தி, தரம் பிரிக்கிறார்கள். ஒரு தொகுதித் தூளில் பூஞ்சை வாடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் சாக்கு ஈரமாகியிருக்கலாம். அல்லது உலர்த்தும் இயந்திரத்தின் சூடு போதாமல் தூளிலேயே ஈரம் தங்கியிருக்கலாம். சாக்கை மட்டும் மாற்றிவிட்டு, "சரியாகிவிட்டது, குடியுங்கள்" என்று விற்றால், உலர்த்தியில் இருக்கும் குறை அடுத்த தொகுதியில் தலைகாட்டும். அப்போது வாங்கியவர் சாக்கையும் நம்பமாட்டார், தூளையும் நம்பமாட்டார், விற்றவரையும் நம்பமாட்டார்.

அறிவியல் வகுப்பில் கருதுகோள் என்று படிக்கிறீர்கள். "பிழை முதல் மின்கலத்தில் மட்டுமே" என்பது ஒரு கருதுகோள். அதைச் சோதித்துப் பார்க்காமல் முடிவாக அறிவித்தார்கள். அந்தச் சோதனையை, வாங்கியவர்கள் தங்கள் சட்டைப் பையில் வைத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

24ஐப் பிடிக்க எத்தனை வேண்டும்?

"விற்பதற்கு முன்பே சோதித்திருக்க மாட்டார்களா?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லட்சத்தில் 24 என்றால், சராசரியாக ஏறத்தாழ 41,700 கைப்பேசிகளுக்கு ஒன்றுதான் பழுது. நீங்கள் 1,000 கைப்பேசிகளைச் சோதித்தால், பழுதான ஒன்றையாவது பார்க்கும் வாய்ப்பு 2.4 விழுக்காடுதான். மீதி 97.6 விழுக்காடு நேரங்களில், "ஆயிரத்தில் ஒன்றுகூடக் கெடவில்லை" என்று மகிழ்ச்சியோடு அறிக்கை எழுதுவீர்கள். 2,00,000 கைப்பேசிகளைச் சோதித்தால் ஏறக்குறைய 5 பழுதுகள் சிக்கும். அதுவும் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப மின்னேற்றி, மின்னிறக்கிப் பார்த்தால்தான்.

அரிதான பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய எண்ணிக்கையும் பொறுமையும் வேண்டும். செப்டம்பரில் சாம்சுங்கிடம் அந்தப் பொறுமை இல்லை. 2017 ஜனவரியில் வெளிவந்த ஆய்வை முதலில் செய்துவிட்டு, அதுவரை வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் இழப்பு ஒரு முறையோடு முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நோக்கியாவின் கதை

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததையும் பாருங்கள். 2007 ஆகஸ்ட் 14ஆம் நாள் நோக்கியா ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தன் கைப்பேசிகளில் இருக்கும் பிஎல்-5சி வகை மின்கலங்களில் 4 கோடியே 60 லட்சம் மின்கலங்கள், மின்னேற்றும்போது அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்றது. அதுவரை உலகெங்கும் ஏறத்தாழ 100 சம்பவங்கள் நடந்திருந்தன. நோட் 7ஐவிடப் பல மடங்கு பெரிய எண்ணிக்கை. இந்தியாவில் பெரும் பரபரப்பு; நோக்கியா சேவை மையங்களில் கூட்டம். சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் பெரிய தொழிற்சாலை இயங்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஆனால் நோக்கியாவின் பெயர் அதோடு கருகவில்லை. மின்கலத்தைத் தயாரித்தது ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் என்றும், 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே தயாரானவை மட்டுமே சந்தேகத்துக்குரியவை என்றும் நோக்கியா தெளிவாகச் சொன்னது. மூடியைத் திறந்து, மின்கலத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து, உங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். இருந்தால் மின்கலம் மட்டும் இலவசமாக மாற்றப்படும். மாற்றிக் கொடுத்த பிறகு சிக்கல் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் 2011 வரை உலகில் அதிகக் கைப்பேசி விற்ற நிறுவனம் நோக்கியாதான். பிற்பாடு அது வீழ்ந்ததற்குத் தொடுதிரைக் கைப்பேசிகளின் போட்டி காரணம், மின்கலம் காரணமில்லை.

நோக்கியாவுக்கு ஒரு வசதி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் மின்கலத்தைக் கையாலேயே கழற்றலாம். நோட் 7இன் மின்கலம் உள்ளே ஒட்டி மூடப்பட்டது. அதனால் முழுக் கைப்பேசியையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வடிவமைப்பில் எடுக்கும் முடிவு, பிழை வரும் நாளில் எவ்வளவு செலவாகும் என்பதையும் தீர்மானிக்கிறது.

கெட்ட பெயர் மீளுமா?

அமெரிக்காவில் ஆரிஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் மக்களிடம் கேட்டு, பெரிய நிறுவனங்களின் நற்பெயரை வரிசைப்படுத்துகிறது. 2016 தொடக்கத்தில் சாம்சுங் அதில் 7ஆம் இடத்தில் இருந்தது. 2017இல் 49ஆம் இடத்துக்கு இறங்கியது. 2019இல் மறுபடியும் 7ஆம் இடத்துக்கு வந்தது.

இந்த மீட்சி விளம்பரத்தால் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. 2017 ஜனவரியில் தன் பிழையைப் படம் போட்டு, எந்த மூலை வளைந்தது, எந்த இடத்தில் முள் எழும்பியது என்று உலகத்தின் முன் விளக்கினார்கள். எக்ஸ்-கதிர் படம், பிரித்துப் பார்த்தல், தொடர்ந்து மின்னேற்றி மின்னிறக்குதல் என எட்டு விதச் சோதனைகளை அறிவித்தார்கள். அடுத்து வந்த எஸ்8 கைப்பேசி தீப்பிடிக்கவில்லை. நோட் 8உம் தீப்பிடிக்கவில்லை. திரும்பி வந்த நோட் 7களின் பாகங்களைக்கொண்டு, 3,200 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் வைத்து, நோட் எஃப்இ என்ற பெயரில் 2017இல் முதலில் கொரியாவிலும் பின்னர் மலேசியாவிலும் விற்றார்கள். அதையும் மக்கள் வாங்கினார்கள். காரணம் தெரிந்த பிறகு பயம் குறைகிறது.

கேலி செய்வதற்கு முன்

ஒரு பொருள் திரும்பப் பெறப்பட்டால் உடனே கேலிப் படங்கள் பரவுகின்றன. நோட் 7ஐக் கையெறி குண்டாகக் காட்டிய படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிரிப்பதில் தவறில்லை. ஆனால் இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். பிழையை ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தை மட்டும் நாம் கேலி செய்தால், மற்ற நிறுவனங்கள் என்ன கற்றுக்கொள்ளும்? "வாயைத் திறக்காதே" என்றுதான் கற்றுக்கொள்ளும். பெயர் தெரியாத மலிவு மின்னேற்றிகளும் மின்சேமிப்பான்களும் எத்தனையோ சூடாகி வீங்குகின்றன. அவற்றை யாரும் திரும்பப் பெறுவதில்லை. கெடுவதற்கு அவற்றுக்கு ஒரு பெயரே இல்லை. காக்க வேண்டிய பெயர் இருப்பதும் வாங்குபவருக்கு ஒரு பாதுகாப்புதான். நம் கோபம் திரும்பப் பெறுவதன்மேல் போகக் கூடாது. மறைப்பதன்மேலும் அவசரத்தின்மேலும் போகட்டும்.

மலையில் வாழும் எங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு பொருளை மாற்றிக்கொள்ள நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போக வேண்டும் என்றால், தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் ஈப்போவுக்குப் போய் வர வேண்டும். முதல் முறை போவார். "நீங்கள் வாங்கிப் போனதும் பழுதுதான், மறுபடி வாருங்கள்" என்று சொன்னால் இரண்டாம் முறை போகமாட்டார். பழுதான பொருளை வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்துவார். இரண்டாம் முறை திரும்பப் பெறுவதில் நிறுவனம் இழப்பது பெயரை. வாங்கியவர் பணயம் வைப்பது வீட்டை.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. விற்ற 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நோட் 7களில், 2017 ஜனவரி வரை 96 விழுக்காடு திரும்பி வந்தன. மீதி 4 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 1,20,000 கைப்பேசிகள். "என்னுடையது நன்றாகத்தான் இருக்கிறது" என்று வைத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. 41,700இல் ஒன்று என்ற கணக்கில் அவர்கள் நினைத்தது பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த ஒன்று யாருடையது என்பதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

ஆகவே மாணவர்களே, இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் அதற்கே உரிய 15 இலக்க எண் தெரியும். மாடல் பெயரோடு அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழைய கைப்பேசி வாங்கினால், அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று தேடிப் பாருங்கள். இரவுச் சந்தையில் மின்னேற்றி வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் உப்பிய கைப்பேசியை மின்னேற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். குளிருக்குப் பயந்து போர்வைக்குள் வைத்துக்கொண்டே மின்னேற்றும் பழக்கம் எங்கள் மலைப் பிள்ளைகளிடம் அதிகம். உங்கள் உடல்சூட்டை வெளியே விடாத அதே போர்வை மின்கலத்தின் சூட்டையும் வெளியே விடாது. புகை வந்தால் கைப்பேசியைக் காப்பாற்ற முயலாமல் விலகி, பெரியவர்களைக் கூப்பிட்டு, 999ஐ அழையுங்கள்.

சாம்சுங் எஸ்டிஐ நிறுவனத்துக்கு நம் சிரம்பானிலும் மின்கலத் தொழிற்சாலை உண்டு. உங்களில் சிலர் நாளை அத்தகைய இடங்களில் தரச் சோதனையாளராகவோ பொறியாளராகவோ வேலை செய்யக்கூடும். "போட்டியாளர் முந்திவிடுவார், சீக்கிரம் கையெழுத்துப் போடு" என்று ஒருநாள் மேலதிகாரி சொல்வார். அன்று நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: காரணம் கண்டுபிடித்துவிட்டோமா? அது ஒன்றுதான் காரணம் என்பதைச் சோதித்துவிட்டோமா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.